நாற்பத்து நான்கு டிகிரியில் விழுந்தவை

அந்தப் பயிர் ஆராய்ச்சி நிலையத்திலேயே மிகவும் குளிர்ச்சியான இடத்துக்குச் சூட்டறை என்று பெயர். இதில் வேடிக்கை ஒன்றுமில்லை என்றுதான் அங்கே வேலை பார்ப்பவர்கள் சொல்வார்கள். பூச்சிகளுக்குச் சூடு காட்டிச் சோதிக்க வேண்டுமானால் முதலில் அவற்றைச் சுகமாக வளர்த்தாக வேண்டும். சுகம் என்பது இருபத்தைந்து டிகிரி. ஆகையால் அறை முழுவதும் இருபத்தைந்து. மூலையில் இருக்கும் எவர்சில்வர் தொட்டியின் வெந்நீர் மட்டும் நாற்பத்து நான்கு. கோடை பிறந்தால் போதும், தலைமைக் குமாஸ்தா முதல் ஜீப் டிரைவர் வரை எல்லோருக்கும் சூட்டறையில் ஏதாவது அவசர வேலை முளைத்துவிடும்.

"அக்கா, என் பேனா இந்தப் பக்கம் வந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டே குமாஸ்தா நுழைவார். பேனா அவருடைய சட்டைப்பையில் இருக்கும்.

"வந்துச்சு. உங்களக் காணோம்னு இப்பதான் தேடிட்டுப் போச்சு. உக்காருங்க."

இப்படிச் சொல்லிவிட்டு அவள் மறுபடி தன் கண்ணாடிக் குழாய்களைப் பார்க்கத் தொடங்கிவிடுவாள். எல்லோருக்கும் அவள் அக்கா. கோப்புகளில் ஆய்வக உதவியாளர். முதுகுக்குப் பின்னால் சூட்டறைக்காரி. வயது நாற்பத்தொன்று. கண்ணைத் திறந்துகொண்டே கனவு காணக்கூடியவள் என்று ஒரு பெயரும், கணக்கில் ஒரு பூச்சியைக்கூடத் தவறவிடாதவள் என்று இன்னொரு பெயரும் அவளுக்கு உண்டு. இரண்டும் ஒரே ஆளுக்கு எப்படிப் பொருந்தும் என்று யாரும் யோசித்ததில்லை. அவளும் யோசித்ததில்லை.

அவளுக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவருடைய கணக்கில் எப்போதும் துண்டு விழும். தட்டில் முப்பது பூச்சிகளை வைத்துவிட்டு டீ குடிக்கப் போவார். திரும்பி வந்து எண்ணினால் பதினொன்று இருக்கும். மீதி எங்கே என்று கேட்டால், "இங்கதான் இருந்துச்சு" என்பார். அதற்கு மேல் அவரிடம் ஒன்றும் பெயராது. கவனக்குறைவு என்று கோப்பில் எழுதி அவரை விதைக் கிடங்குக்கு மாற்றினார்கள். சுத்தமான ஆளாக வேண்டும் என்று தேடி இவளைப் பிடித்தார்கள். ஏழு வருடம் ஆகிறது. முப்பது என்றால் முப்பதுதான்.

பூச்சி என்பது முட்டைக்கோஸ் அந்துப்பூச்சி. அரிசி மணியைவிடச் சற்றே பெரிது, சாம்பல் நிறம். இறக்கையை மடித்து உட்கார்ந்தால் முதுகில் வெளிர்மஞ்சளாகச் சின்னச் சின்னச் சாய்சதுரங்கள் வரிசையாகத் தெரியும். பார்க்கச் சாது. அதன் புழு இலையில் போடும் ஓட்டைகளைப் பார்த்தால்தான் பிறப்பிலேயே எவ்வளவு பசி என்பது புரியும். வெயில் ஏறினால் பூச்சிகள் ஒடுங்கும் என்று நாம் நினைக்கிறோம். முதலில் நடப்பது அதற்கு நேர் எதிர். இருபது டிகிரியில் முட்டையிலிருந்து பூச்சியாக மூன்று வாரத்துக்கு மேல் எடுத்துக்கொள்பவை முப்பதில் பதின்மூன்று நாளில் வேலையை முடித்துவிடும். வெயில் அவற்றுக்கு அவசரத்தைக் கொடுக்கிறது. சீக்கிரம் தின்று, சீக்கிரம் வளர்ந்து, சீக்கிரம் முட்டை வைக்கின்றன. முப்பத்தைந்தைத் தாண்டினால் அதே அவசரம் தடுமாற்றமாகிறது. நாற்பத்து நான்கில் என்ன ஆகிறது என்பதைச் சொல்லத்தான் சம்பளம் கொடுத்து இவளை வைத்திருந்தார்கள்.

வாரத்தில் மூன்று நாள் சோதனை. ஒரு குழாய்க்கு ஒரு பூச்சி, வாயில் பஞ்சு, வெந்நீரில் கால் மணி நேரம். முதல் மூன்று நிமிடம் ஏதோ ரயிலுக்கு நேரமாகிவிட்டதுபோல மேலும் கீழும் ஓடும். அப்புறம் நடை தளரும். ஏழாவது, எட்டாவது நிமிடத்தில் பேச்சின் நடுவிலேயே தூங்கிப்போகிறவர்கள்போல ஒவ்வொன்றாக மல்லாந்துவிடும். பிறகு வெளியே எடுத்துத் தட்டில் கொட்டிப் பத்து நிமிடம் விட்டு, ஓவியம் தீட்டும் மெல்லிய தூரிகையால் மூன்று முறை தொட வேண்டும். கால் அசையாவிட்டால் இறந்தது என்று எழுத வேண்டும். இது சுவரில் ஒட்டியிருந்த விதி. எழுதிய கையோடு தட்டைச் சோப்புத் தண்ணீர் ஜாடியில் கவிழ்த்துக் கழுவிவிடுவது விதியில் இல்லாதது. அது அவளுடைய சுத்தம்.

பூச்சிகள் ஓடும் அந்தச் சில நிமிடங்களில் அவளுடைய கண் திறந்திருக்கும். ஆள் இருக்க மாட்டாள். அறையின் இரைச்சல் மெல்ல நீர் நிறம் கொள்ளும். சுவர்கள் கண்ணாடியாகி உயரும். ஓர் உயரமான கண்ணாடிச் சுவரில் தான் கைகளை ஊன்றி ஏறுவதுபோலவும், உச்சியில் ஒரு பெரிய பஞ்சு மேகம் அடைத்துக்கொண்டிருப்பதுபோலவும் தோன்றும். பயமாக இருக்காது. காலடியில் எங்கேயோ கடிகாரம் ஓடும். எட்டாவது நிமிடத்தில் தானாகத் திரும்பி வந்துவிடுவாள். ஒரு நாளும் ஒன்பதாகியதில்லை.

வீட்டில் அவளுடைய கணவர் மின்விசிறி பழுதுபார்ப்பவர். கூடத்தில் பதினோரு விசிறிகள் இருந்தன. சுற்றுவது ஒன்றுகூட இல்லை, அத்தனையும் அடுத்தவர்களுடையவை. கணவருடைய தங்கை அடுத்த தெரு. அவளுக்கு ஒன்றரை ஏக்கர் முட்டைக்கோஸ். ஆக, அண்ணி வளர்க்கும் பூச்சியைத்தான் நாத்தனார் நசுக்கிக்கொண்டிருந்தாள். இதை வைத்தே அவர்களுக்குள் ஒரு பொழுதுபோக்கு.

"உங்க பிள்ளைங்க நேத்து வந்திருந்துச்சு அண்ணி. நல்லாச் சாப்பிட்டுப் போச்சு" என்பாள் நாத்தனார்.

"அத்தை வீடுதானே. வேற எங்க போகும்?" என்பாள் இவள்.

அந்த வருடம் வெயில் தாங்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஏழு நாள் நாற்பத்து நான்கு டிகிரி அடிக்கும் என்று வானிலைக்காரர்கள் சொன்னார்கள். அதற்கு முந்திய திங்கட்கிழமை காலை துறைத்தலைவர் சூட்டறைக்கு வந்தார். பேனாவைத் தேடி அல்ல, நிஜமாகவே வேலையாக. நல்ல மனிதர். வாக்கியம் அழகாக அமைந்துவிட்டால் விஷயமும் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிறவர்.

"விவசாயிகளுக்கு ஒரு அறிவிப்பு போடறோம்மா. 'இவ்வெயில் வாரத்தில் அந்துப்பூச்சிகள் தாமாகவே மடியும். மருந்து வேண்டாம், கவலை வேண்டாம்.' எப்படி இருக்கு? உங்க ஏழு வருஷக் கணக்கு. நூத்துக்குத் தொண்ணூத்தாறு சாவு. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது. அடியில உங்க பேரு வருது."

"என் பேரா சார்?"

"நீங்கதானே எண்ணினது? நானா எண்ணினேன்?"

அன்று மாலைக்குள் அந்தச் செய்தி இரண்டு தெருவுக்கும் தெரிந்துவிட்டது. விசிறி கொடுக்க வந்தவர்களிடமெல்லாம் கணவர் முதலில் அச்சில் வரப்போகும் பெயரைச் சொன்னார், பிறகுதான் விசிறிக்கு என்ன கேடு என்று கேட்டார். நாத்தனார் ஓட்டமாக ஓடி வந்தாள்.

"மெய்யாவா அண்ணி? அந்தச் சனியன் தானாச் செத்துருமா?"

"அப்படித்தான் போடப் போறாங்க."

"அப்ப அந்த ஒரு வாரம் நான் காலை நீட்டிப் படுக்கப்போறேன். தண்ணி மட்டும் திறந்து விட்டுட்டு வந்துருவேன், ஒரு இலையக்கூடப் புரட்ட மாட்டேன். பதினாறு வருஷத்துல முதல் லீவு அண்ணி. உங்க பேரச் சொல்லிச் சொல்லித் தூங்குவேன்."

அவளுடைய வயலில் கோஸ் அப்போதுதான் உருண்டு கெட்டிப்படத் தொடங்கியிருந்தது. அறுவடைக்கு மூன்று வாரம்.

செவ்வாய்க்கிழமை சோதனை முடிந்து, முப்பதும் விழுந்து, தூரிகையால் தொட்டு, இறந்தவை இருபத்தொன்பது என்று எழுதிக்கொண்டிருந்தபோது குமாஸ்தா கதவைத் தட்டினார். பணிப் பதிவேட்டில் எல்லோரும் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம், மேலிடத்து ஆள் காத்திருக்கிறாராம். கையில் இருந்த தட்டை ஜன்னலோரம் ஈரக் காகிதத்தின்மேல் வைத்துவிட்டு ஓடினாள். வரிசை நீளம். கையெழுத்து முடிந்தபோது சாப்பாட்டு நேரமாகிவிட்டது. சாப்பிட்டுவிட்டு, படிக்கட்டு நிழலில் கொஞ்சம் கண்ணயர்ந்து, இரண்டரை மணி நேரம் கழித்து வந்தாள்.

தட்டில் ஏழு பூச்சிகள் இருந்தன.

மீதி ஜன்னல் வலையில் இருந்தன. அங்கொன்றும் இங்கொன்றுமாக, வெளிச்சத்தைப் பார்த்தபடி, ஒன்றுமே நடக்காததுபோல. ஒன்று முன்னங்காலால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தது.

அவள் முதலில் சந்தேகப்பட்டது தன்னைத்தான். இன்றைக்குச் சோதனை செய்தேனா, செய்ததாகக் கனவு கண்டேனா? நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தாள். தன் கையெழுத்து; மை காய்ந்திருந்தது. இன்னும் படிக்கட்டிலேயே தூங்கிக்கொண்டிருக்கிறேனோ என்று நினைத்துச் சற்று நேரம் விழிப்பதற்காகக் காத்திருந்தாள். விழிப்பு வரவில்லை. பூச்சிகள்தான் பறந்தன.

புதன்கிழமை சோதனை நாள் அல்ல. கதவைத் தாழிட்டுக்கொண்டு முப்பது பூச்சிகளை எடுத்தாள். கால் மணி நேரம், எல்லாம் விழுந்தன. தட்டில் கொட்டி மூடி போட்ட பெட்டிக்குள் வைத்து எதிரில் உட்கார்ந்தாள். பத்து நிமிடம், தூரிகை, அசைவில்லை. இருபது நிமிடம், அசைவில்லை. ஏழு வருடத்தில் அந்தப் பக்கத்துக்கு அவள் போனதே இல்லை; பத்தாவது நிமிடத்துக்கு அப்பால் நேரம் ஒன்று இருப்பதே புதிதாக இருந்தது. நாற்பதாவது நிமிடம் ஓர் உணர்கொம்பு, தூக்கத்தில் யாரோ கூப்பிட்டதுபோல, மெல்ல நிமிர்ந்தது. பிறகு ஒரு கால். பிறகு எதையோ நினைவுபடுத்திக்கொள்வதுபோல நீண்ட அசைவின்மை. அப்புறம் புரண்டு, உட்கார்ந்து, இறக்கையைச் சரிசெய்துகொண்டது. ஒன்றரை மணி நேரத்தில் இருபத்துநான்கு எழுந்துவிட்டன.

விதைக் கிடங்குக்குப் போனவருடைய தட்டு அவளுக்கு நினைவு வந்தது. முப்பதில் பதினொன்று. இங்கதான் இருந்துச்சு. டீ குடித்துக்கொண்டே அந்த மனிதர் சரியாகக் கணக்கெடுத்திருக்கிறார். சுத்தமாக இருந்து தப்பு செய்தவள் இவள்தான். ஏழு வருடத்தில் இருபத்தாறாயிரத்துச் சொச்சம் பூச்சிகளைத் தூக்கத்திலேயே சோப்புத் தண்ணீரில் போட்டிருக்கிறாள்.

எழுந்த பூச்சிகளை ஒரு கண்ணாடிச் சீசாவில் கோஸ் இலையோடு விட்டு, வாயில் துணி கட்டினாள். நாளை மறுநாள் அச்சு. சொன்னால் ஏழு நோட்டுப் புத்தகமும் பாழ், பெயரும் போகும், தூங்குமூஞ்சி கணக்கெடுத்த லட்சணம் என்று ஊர் சிரிக்கும். சொல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. கோஸ் மட்டும் ஓட்டையாகும். வெயில் போதவில்லை என்பார்கள்.

அன்று மாலை கணவர் ஒரு மோட்டாரைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"செத்துப்போச்சுன்னு ஒரு விசிறியக் குடுக்கறாங்க. நீங்க தொடறதுக்கு முன்னாடியே அது சுத்த ஆரம்பிச்சுட்டா என்ன பண்ணுவீங்க?"

"அடிக்கடி நடக்கறதுதான். சூடு தாங்காம நின்ன மோட்டார் ஆறினாத் தானா ஓடும். நாந்தான் சரி பண்ணினேன்னு சொல்லிக் குடுத்துருவேன்."

"அது தப்பில்லையா?"

"ஓடுதுல்ல? யாருக்கு என்ன நஷ்டம்?" என்றவர் அவள் முகத்தைப் பார்த்தார். "ஆனா ஒண்ணு. ஓடறத ஓடலன்னு சொல்லிக் குடுத்ததில்ல. அதுக்கு வேற மாதிரி நெஞ்சு வேணும்."

வியாழக்கிழமை காலை அவள் துறைத்தலைவர் அறைக்குப் போய், நின்றபடியே சொன்னாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தப்பா நினைச்சுக்காதீங்கம்மா. நடுவுல கொஞ்சம் தூங்கிட்டீங்களோ?"

"நான் தூங்கல சார். அதுங்கதான் தூங்குச்சு."

அவர் தானே பார்க்க வேண்டும் என்றார். சூட்டறையில் நாற்காலி போட்டாயிற்று. குமாஸ்தா சாட்சிக்கு வந்தார், குளிர்ச்சிக்கும்தான். முப்பது பூச்சிகள் விழுந்தன. துறைத்தலைவரே தூரிகையை வாங்கி ஒவ்வொன்றையும் மும்மூன்று தடவை தொட்டார். "செத்துத்தாம்மா போச்சு" என்றார், கொஞ்சம் ஆறுதலாக. அப்புறம் காத்திருந்தார்கள். வெளியே வெள்ளை வெயில். உள்ளே இருபத்தைந்து டிகிரி, இயந்திரங்களின் ஒரே சீரான முனகல். கால் மணி நேரத்தில் குமாஸ்தாவின் தலை தொங்கியது. அரை மணி நேரத்தில் துறைத்தலைவர் வாய் திறந்தபடி உறங்கிப்போனார். அவள் எழுப்பவில்லை. தட்டில் முப்பது பேர், நாற்காலியில் இரண்டு பேர். யார் முதலில் எழுவார்கள் என்று நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு மணி நேரம், பின்னால் நினைத்துப் பார்த்தபோது, அவள் வாழ்க்கையின் மிக அமைதியான நேரமாகத் தோன்றியது. எல்லாம் போகப்போகிறது என்று தெரிந்த பிறகு காப்பாற்ற ஒன்றும் இருக்கவில்லை.

துறைத்தலைவர் கண் விழித்தபோது அவருடைய மூக்குக் கண்ணாடியின்மேல் ஓர் அந்துப்பூச்சி உட்கார்ந்திருந்தது. அதை அவர் வெகு நேரம் பார்த்தார். இரண்டு கண்ணும் ஒரே இடத்தில் குவிந்திருந்தன.

"ஆனா பாருங்க," என்றார் கடைசியில், "நீங்க எழுதினது இறந்தவைன்னுதானே? அத்தனையும் செத்துத்தானே போச்சு? பொய் இல்லையே?"

"சோப்புத் தண்ணியில செத்துச்சு சார். வயல்ல யாரு ஜாடி வைக்கப்போறாங்க?"

அவர் எழுந்து போய் அழகான வாக்கியத்தை அடித்தார். அதற்குப் பதில் எழுதியது அழகாக இல்லை: 'வெயில் நேரத்தில் பூச்சிகள் மயங்கியும் மறைந்தும் இருக்கலாம்; அடியிலைகளைத் தினமும் புரட்டிப் பார்க்கவும்; இறந்ததாகக் கொள்ள வேண்டாம்.' ஒரு பக்கத்துக்குள் அடங்க இரண்டு வரி இடம் தேவைப்பட்டது. அடியிலிருந்த பெயரை எடுத்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு கைக்கு வந்ததும் நாத்தனார் வாசலிலேயே நின்று கத்தினாள்.

"அச்சுல உங்க பேரும் வரல, என் லீவும் போச்சு. வாயத் திறந்து என்னத்தச் சாதிச்சீங்க அண்ணி?"

"வா, வயலுக்குப் போலாம்."

"இந்த வெயில்லயா? நாம விழுந்தா யாரு தூரிகையால தொட்டுப் பாப்பா?"

போனார்கள். பகல் ஒரு மணி. வரப்பு கானலில் நெளிந்தது. வயல் தரையைவிட்டு ஒரு சாண் மேலே மிதப்பதுபோலிருந்தது. அவள் கொண்டுவந்த வெப்பமானி செடிக்கு மேலே நாற்பத்து நான்கு காட்டியது. மேலிலைகளில் ஒரு பூச்சியும் இல்லை. செத்துத் தொலைந்தன என்று யாரும் சத்தியம் செய்யலாம். அவள் மண்டியிட்டுத் தரையை ஒட்டிய இலையைத் தூக்கினாள். அடியில் ஈர மண், பச்சை நிழல், வேறொரு பருவம். வெப்பமானி இறங்கி முப்பத்தாறில் நின்றது. இலையின் அடிப்புறத்தில் ஐந்து அந்துப்பூச்சிகள் பகல் தூக்கம் போட்டுக்கொண்டிருந்தன. கண்ணாடிக் குழாய்க்கு அடியிலை கிடையாது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"அடப்பாவிங்களா," என்றாள் நாத்தனார் மெதுவாக. "என் லீவ இதுங்க எடுத்துக்கிச்சு."

அந்த வாரம் முழுவதும் விடிந்ததும் இருவருமாக இலை புரட்டினார்கள். அகப்பட்ட புழுவை நசுக்கி, தேவைப்பட்ட பாத்திகளுக்கு மட்டும் மருந்து விட்டார்கள். கோஸ் தப்பியது. அறிவிப்பைப் படிக்காத பக்கத்து வயல் சல்லடையானது.

இதற்குள் சீசாவில் இன்னொன்று நடந்தது. எழுந்த பூச்சிகள் முட்டை வைத்தன. நூறு முட்டைகளை எண்ணித் தனியே வைத்தாள். நான்கு நாளில் பொரிய வேண்டியவை. ஐந்தாம் நாள் பதின்மூன்று பொரிந்தன. எட்டாம் நாளும் பதின்மூன்றுதான். மீதி சுருங்கிப்போயின. எழுந்தவை எழுந்தனவே தவிர, சூடு அவற்றின் உள்ளே எதையோ அணைத்துவிட்டிருந்தது. துறைத்தலைவர் தலையைச் சொறிந்தார்.

"அப்ப நாம மொதல்ல எழுதினது சரியா, ரெண்டாவது எழுதினது சரியா?"

"வெயில்ல மாட்டினதுக்கு மொதல்ல எழுதினது சரி, ஒரு தலைமுறை தள்ளி. இலைக்கு அடியில போனதுக்கு ரெண்டாவது. பெரும்பாலும் அடியிலதான் சார் இருக்கு."

"இத எப்படிம்மா ஒரு வாக்கியத்துல சொல்றது?"

"சொல்ல முடியாது சார்."

பழைய நோட்டுப் புத்தகங்களைத் திருத்த வேண்டும் என்று அவளே கேட்டுக்கொண்டாள். தொள்ளாயிரத்துச் சொச்சம் பக்கம். ஒவ்வொன்றின் தலையிலும் 'இறந்தவை' என்ற சொல்லை ஒரு கோடு போட்டு அடித்து, மேலே 'விழுந்தவை' என்று எழுத வேண்டும். பதினேழு நாள் பிடித்தது. சில பகல்களில் கோடு போடும்போதே, அடித்த சொல்லின் அடியிலிருந்து ஏதோ புரண்டு எழுந்து ஜன்னல் பக்கம் போவதுபோல அவளுக்குத் தோன்றும். நிமிர்ந்து பார்க்க மாட்டாள்.

முடிந்ததும் குமாஸ்தா ஒரு படிவத்தைக் கொண்டுவந்தார். பதிவேட்டில் திருத்தம் செய்தால் காரணம் எழுத வேண்டுமாம். காரணத்துக்கு ஒரே ஒரு வரி இடம் விட்டிருந்தது.

"எலி கடிச்சிருச்சுன்னு போடுங்க அக்கா. யாரும் கேக்க மாட்டாங்க. போன வருஷம் ஒரு பீரோவையே அப்படித்தான் முடிச்சோம்."

"எலி எங்கேயாவது தேடிப் பிடிச்சு ஒரே வார்த்தைய மட்டும் கடிக்குமா?"

"மேல இருக்கறவங்க அவ்வளவு யோசிக்க மாட்டாங்க. சரி, மை கசிஞ்சுதுன்னு போடுங்க."

அவள் அவருடைய சட்டைப்பையிலிருந்த பேனாவையே உருவி, 'பூச்சிகள் எழும்வரை காத்திருக்கவில்லை' என்று எழுதி, கீழே தன் பெயரைத் தெளிவாகக் கையெழுத்திட்டாள்.

குமாஸ்தா படித்தார். "இப்படியா அக்கா எழுதுவாங்க? இது உங்க பணிப் பதிவேட்டுல நிரந்தரமா இருக்கும்."

"இருக்கட்டும்."

"யாரு காத்திருக்கலன்னு கேட்டா?"

"அதுக்குத்தான் கையெழுத்துப் போட்டிருக்கேன்" என்றாள் சூட்டறைக்காரி. அன்றைய முப்பது பூச்சிகளைக் குழாய்களில் இட்டு, பஞ்சு அடைத்து, வெந்நீரில் இறக்கினாள்.